உலைப்புகையும் உழைப்பவன் உயிரும்

நான் படிப்பிக்கும் தீவுப் பாடசாலைக்கு மாணவன் ஒருவன் மூன்று நாட்களாக வரவில்லை. காரணம் அறிய ஒரு பிற்பகல் அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்திலே மூன்று கல் வைத்து, சிரட்டைத் தணலின்மேல் பழைய தாச்சி ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. அதனுள் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. கழித்துவிட்ட பற்றரியை உடைத்து எடுத்த ஈயம் அது. தகப்பனார் அதனை அள்ளி அச்சில் ஊற்றினார். ஆறியதும் வலையின் அடிக்கயிற்றிற் கோக்கும் குண்டுகளாக அவை வந்து விழுந்தன. மகன் தணலை விசிறிக்கொண்டிருந்தான். அவனுடைய சின்னத் தங்கை குண்டுகளை எண்ணி ஓலைப்பெட்டியிற் போட்டுக்கொண்டிருந்தாள். இடையிடையே அதே விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் புகை ஆகாது என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"எங்கட அப்பு காலத்திலையிருந்து இப்பிடித்தான் சேர் உருக்கிறம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

அவரிற் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலைக்குக் குண்டு வேண்டும். கடைக்குண்டுக்குக் காசு வேண்டும். ஆனால், "ஒன்றும் நடக்கவில்லை" என்ற அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. உண்மையிலேயே நடக்கவில்லையா, அன்றி நடந்ததை எவரும் கேட்டறியவில்லையா? இந்தக் கேள்விக்குச் சரித்திரம் விடை சொல்லும்.

*

உலோகப் புகை உயிரைத் தின்னும் என்பது நேற்று வந்த விஞ்ஞானம் அன்று. உரோமாபுரியில் சாதிலிங்கத்தைப் பொடிசெய்த வேலையாட்கள், தூளை மூச்சில் இழுக்காதிருக்க விலங்குகளின் மூத்திரப்பையால் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதிவைத்தார். சுத்தி செய்யாத இரசம் நஞ்சு என்பதை நமது சித்த வைத்தியரும் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் அது மருந்தை உண்பவனுக்காகச் செய்யப்பட்ட எச்சரிக்கை. உலையருகே நின்று வேகிறவனைப் பற்றிய கவலை வேறு. அது மிகப் பிந்தியே பிறந்தது.

பதினாறாம் நூற்றாண்டில், தென்னமெரிக்காவின் வெள்ளியைப் பிரித்தெடுக்க ஸ்பானிய அரசுக்குப் பாதரசம் தேவைப்பட்டது. ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்தை ஜேர்மனிய வட்டிமுதலாளிகளான ஃபுக்கர் குடும்பத்தார் குத்தகைக்கு எடுத்திருந்தனர். அங்கே வேலைசெய்யக் கைதிகள் அனுப்பப்பட்டனர். 1593ஆம் ஆண்டிலே மத்தேயோ அலெமான் என்பவர் அரசின் ஆணைப்படி அங்கு சென்று கைதிகளை விசாரித்தார். பின்னாளில் ஸ்பானிய நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர் அவர். சூடு ஆறாத உலையைத் திறந்து துப்புரவாக்கும்படி ஏவப்பட்டவர்கள் நடுக்கம் கண்டு, சித்தம் கலங்கி மாண்ட கதையை அவர்கள் வாக்குமூலமாகக் கொடுத்தார்கள். அந்த அறிக்கை இரகசியமாகவே வைக்கப்பட்டது. அதே காலத்தில் பெருநாட்டின் உவாங்கவேலிக்கா இரசச் சுரங்கத்திலே பழங்குடி மக்கள் கட்டாய ஊழியத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டனர்.

ஆகவே, அறியாமையினால் மட்டும் இவர்கள் சாகவில்லை. அறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களது அறிவு சாகிறவனுடைய கைக்கு வந்து சேரவில்லை.

*

இந்நிலையிலே ஒரு வைத்தியர் தோன்றினார். இத்தாலியிற் பிறந்த பெர்நார்தினோ ராமத்சினி, தமது வீட்டு மலக்குழியை ஒருவன் அவசர அவசரமாகத் துப்புரவாக்குவதைக் கண்டு காரணம் கேட்டார். கண் எரிவு தாங்காமலே விரைந்து வேலைசெய்வதாக அவன் சொன்னான். அன்று தொடங்கிய தேடல், 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றிய ஒரு நூலாக வெளிவந்தது. பொன்முலாம் பூசுவோர், குயவர், கண்ணாடிக்கு இரசம் பூசுவோர், நிறந்தீட்டுவோர் எனத் தொழில் தொழிலாக அவர் பட்டறைகளுக்குட் சென்று பார்த்தார். மட்பாண்டத்துக்கு மெருகிடும் ஈயத்தாற் குயவரின் கை நடுங்குவதையும் பல் விழுவதையும் குறித்துவைத்தார்.

அவர் செய்த மிகப் பெரிய காரியம் ஒரு சிறு கேள்வியே. நோயாளியிடம் கேட்கவேண்டியவை எனக் கிரேக்க வைத்தியர் வகுத்த வினாக்களோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். நோயைத் தலைவிதியின் கையிலிருந்து எடுத்து வேலைத்தலத்தின் வாசலிற் கொண்டுபோய் வைத்தது அந்தக் கேள்வி.

எனினும் கேள்வி சட்டமாக மாறுவதற்கு இரண்டு நூற்றாண்டு கடந்தது. இங்கிலாந்தில் ஈயவெள்ளை ஆலைகளிலே வறிய பெண்கள் வேலைசெய்து வலிப்பிலும் குருட்டிலும் வீழ்ந்தனர். தொழிற்சாலைகளில் ஈய நஞ்சு கண்டவர்களை வைத்தியர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1895இலே தான் வந்தது. 1900ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் வந்தனர். 1898இல் முதலாவது வைத்தியப் பரிசோதகராக நியமிக்கப்பட்ட தோமஸ் லெக், முதலாளி தன் கடமையைச் செய்து முடிக்கும்வரை, தொழிலாளி தன்னைத்தானே காத்துக்கொள்ள ஏறக்குறைய எதுவும் செய்ய இயலாது என்ற முடிவுக்கு வந்தார். கட்டிடங்களின் உட்புற நிறப்பூச்சில் ஈயவெள்ளையைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1921இல் ஆக்கப்பட்டது. பிரித்தானிய அரசு அதனை ஏற்க மறுத்தபோது, 1926இல் அவர் பதவியைத் துறந்தார். இங்கிலாந்திலே 1895இல் விழித்த சட்டம், அதன் குடியேற்ற நாடான இலங்கைக்குத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமாக வந்தது 1942இலேயாகும்.

*

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையிலே நம் காலத்தில் நடந்ததைப் பாருங்கள்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்கள் 1980களின் முற்பகுதியில் பொண்ட்ஸ் நிறுவனத்தால் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பின்னர் அத்தொழிற்சாலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வெப்பமானி என்றால் பாதரசம். அது நெருப்பின்றியே, சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும், நிறமில்லை, மணமில்லை. மூச்சிற் புகும் ஆவியின் பெரும்பகுதி, ஐந்தில் நாலு பங்களவு, உடலிலேயே தங்கிவிடும். முரசு வீங்கும், கை நடுங்கும், நினைவு தளரும், சிறுநீரகம் கெடும்.

2001 மார்ச்சில், இரசம் கலந்த கண்ணாடி உடைசல்கள் ஏறக்குறைய ஏழரைத் தொன், மூஞ்சிக்கல் என்னும் சனநெருக்கமான இடத்தில், பழைய இரும்புக் கடையொன்றிற் கிடப்பதைக் கிறீன்பீஸ் இயக்கமும் பழனிமலைப் பாதுகாப்புச் சபையும் வெளிப்படுத்தின. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

கழிவு கப்பலேறியது, தொழிலாளர் எங்கே போவது? போதிய காப்பு இல்லாமல் இரசத்தைக் கையாண்டதாகவும், அதன் ஆபத்தைத் தமக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை என்றும் அவர்கள் கூறினர். தொழிலாளர் உடல்நலம் இரசத்தாற் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் வாதமாக இருந்தது. அவர்கள் சங்கமாகத் திரண்டனர். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏறினர். இந்தியத் தொழில் அமைச்சின் குழுவொன்று 2011இல், அவர்களது நோய்க்கும் தொழிலுக்கும் தொடர்பு உண்டென்பதற்கு முகாந்திரம் இருப்பதாகக் கண்டது. 2016இலே, 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள்! தளராது ஒன்றுபட்டு நின்றதனாலேயே இதுவும் கிடைத்தது.

*

கொடைக்கானலுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. குற்றஞ்சாட்ட ஒரு முதலாளி இருந்தான். திரள ஒரு சங்கம் இருந்தது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் முற்றத்தில் ஈயம் உருக்குகிறவனுக்கு இவற்றில் எது உண்டு? தானே தொழிலாளி, தானே முதலாளி, தன் பிள்ளையே உதவியாள். தொழிற்சாலைச் சட்டம் அவன் படலையோடு நின்றுவிடுகிறது. தன் வீட்டு முற்றத்தில் நஞ்சூட்டும்படி எவரும் அவனைக் கட்டளையிடவில்லை, வறுமை கட்டளையிட்டது.

நாம் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஈயம் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. வலைக்கும் பற்றரிக்கும் உரிய காரீயம் வேறு. காரீயம் 327 பாகைச் சூட்டில் உருகும். சூடு ஏற ஏறப் புகையும் பெருகும். மேலே படரும் கசடு நுண்தூளாகி நிலத்திலே படியும். பற்றரித் தகட்டில் அத்தூள் உருக்குவதற்கு முன்பே மலிந்திருக்கும், அமிலம் வேறு. உடம்பிற் புகுந்த ஈயம் எலும்பிலே பல்லாண்டு தங்கி, தாயின் வயிற்றிலுள்ள சிசுவையும் சென்றடையும். விழுங்கிய ஈயத்திலே வளர்ந்தவர் உடல் ஏற்பதைவிட நாலைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. அதன் மூளை வளர்ச்சி குன்றுகிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தக்குறைவு என்பவையே இதன் முகங்கள். இவை வறியவர் எல்லாருக்கும் உள்ள நோய்கள் ஆதலால் எவரும் ஐயுறுவதில்லை. படிப்பிலே பின்தங்கிய பிள்ளையை "மந்தம்" என்று ஆசிரியர்களாகிய நாமும் எழுதிவிடுகிறோம். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதன் பொருள் இதுவே: நடந்தது, கேட்பாரில்லை.

செய்யவேண்டியவை நம் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல. பற்றரியை வீட்டில் உடைத்தலாகாது. அதைக் கடையிற் கொடுத்துவிட வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆயத்தக் குண்டுகளை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்கு வழங்கலாம். உருக்கியே தீரவேண்டுமாயின், குடிமனைக்கு அப்பால், காற்று வீசிவரும் பக்கத்தில் நின்று, மட்டான தணலில், பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் விலக்கிச் செய்யவேண்டும். அந்தத் தாச்சி அடுக்களைக்குத் திரும்பலாகாது. கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. தீவு வைத்தியசாலைகளில் வலியோடு வருகிறவனிடம், என்ன சாப்பிட்டாய் என்பதோடு, 1700இல் ராமத்சினி கேட்கச் சொன்ன அந்தக் கேள்வியும் கேட்கப்படவேண்டும்.

மறுமுறை போனபோது தாச்சி முற்றத்தில் இல்லை. கடற்கரைப் பக்கம் கொண்டுபோயிருந்தார். சிறுமி வீட்டிலே நின்றாள். ஒரு குடும்பத்துக்கு இது போதும். தீவுகள் அனைத்துக்கும் இதனைக் கொண்டுசெல்வது கடற்றொழிலாளர் சங்கங்களினதும், வைத்தியர்களினதும், படித்தவர்கள் என்று பெயரெடுத்த நம்மெல்லோரினதும் கடமையாகும்.