மெல்லிய ஓடும் இருவகை நஞ்சும்: கோனஸ் ஜியோகிராஃபஸ் குறித்து ஒரு மறுநோக்கு

கூம்பு நத்தைகள் நெடுங்காலமாக இரு தனித்தனித் துறைகளில் ஆராயப்பட்டு வருகின்றன. சங்கியலார் ஓட்டை அளக்கின்றனர். உயிர்வேதியியலார் நஞ்சைப் பகுக்கின்றனர். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட கோனஸ் ஜியோகிராஃபஸ் இனத்தில் இந்தப் பிரிவினை பொருந்தாது. அதன் ஓடு மெலிந்திருப்பதும் நஞ்சு மனிதரைக் கொல்லுமளவு கொடியதாயிருப்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஓடு. செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழும் இந்த நத்தை பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. நீளம் வளரும். இளஞ்சிவப்பு கலந்த வெண்மையில் பழுப்புத் திட்டுகளும் வலைப்பின்னல் கோடுகளும் படர்ந்திருக்கும். மற்றக் கூம்பு நத்தைகள் பலவற்றின் ஓடு தடித்தது. வாய் ஒடுங்கிய பிளவு. இதன் ஓடோ அளவுக்கு மீறி இலேசானது. வாய் அடிநோக்கி அகன்று விரிகிறது.

இந்த அகலத்தின் பயன் இரவு வேட்டையில் தெரிகிறது. நத்தை தன் முன்வாயைப் புனல்போல் விரித்து, பாறை இடுக்கில் ஒதுங்கிய சிறுமீன்களை உயிரோடு உள்வாங்குகிறது. அப்போது மீன்கள் துள்ளி ஓடுவதில்லை. 2015இல் வெளியான ஆய்வு இதற்கொரு காரணத்தைக் காட்டியது: இந்நத்தையின் நஞ்சில் மீன்களின் இன்சுலினை ஒத்த இன்சுலின் உள்ளது, அது மீனின் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி அதைச் சோர வைக்கிறது. பின்னரே அம்புபோன்ற உட்குழல் பல் மீனைத் தைக்கிறது. பல மீன்களை ஒருங்கே விழுங்க இடமளிக்கும் ஓடு ஒடுங்கிய வாயுடையதாக இருக்க முடியாது.

மெல்லிய ஓடு பகைவரிடம் எளிதில் உடையுமே என்று கேட்கலாம். விடை நஞ்சுக்குழாயில் இருக்கிறது. 2014இல் வந்த ஆய்வின்படி, இரை தேடும்போதும் தாக்கப்படும்போதும் இந்நத்தை வெவ்வேறு நஞ்சுகளைச் செலுத்துகிறது. அவை குழாயின் வெவ்வேறு பகுதிகளில் உருவாகின்றன. தற்காப்பு நஞ்சில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பெப்டைடுகள் மிகுதி. ஓட்டைக் கையிலெடுப்பவரைக் கொல்வது இந்த நஞ்சே, மூச்சுத்தசைகள் முடங்கிவிடும். இதற்கு மாற்றுமருந்து இல்லை. செயற்கைச் சுவாசமே உயிர்காக்கும் வழி.

ஒரு மறுப்பு வலுவானது: தடித்த ஓடுள்ள இனங்களிடமும் தற்காப்பு நஞ்சு உண்டே. உண்மைதான். ஆகவே நஞ்சு ஓட்டை மெலியச் செய்தது என்று கூற முடியாது. தற்காப்பு நஞ்சு புழுவுண்ணி மூதாதையரிடமே தோன்றியது என்பது அதே ஆய்வின் கருத்து. அதை ஏற்றால், ஓடு மெலியுமுன்பே காவல் அமைந்திருந்தது. நஞ்சு இடம் கொடுத்தது. விழுங்கும் வேட்டை அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டது. நெருங்கிய உறவினமான கோனஸ் டுலிப்பாவிலும் மெல்லிய ஓடு, அகன்ற வாய், மீன் இன்சுலின் ஆகிய மூன்றும் சேர்ந்தே காணப்படுவது இந்த முடிவுக்குத் துணைநிற்கிறது.

இது இன்னும் கருதுகோளே. அதைச் சோதிக்க ஓட்டின் தடிமனும் நஞ்சின் கூறுகளும் ஒரே உயிரிலிருந்து அளக்கப்பட வேண்டும். உடலைக் களைந்து ஓட்டை மட்டும் அடுக்கிவைக்கும் அருங்காட்சியக வழக்கம் அதற்குத் தடை. இனிச் சேகரிக்கும் ஒவ்வோர் ஓட்டுடனும் அதன் நஞ்சுக்குழாயும் ஒரே பதிவெண்ணில் பேணப்பட வேண்டும்.