கடல்நீரும் கலத்தியந்திரமும்

கடலிலே மிதக்கும் கலத்தின் இயந்திரத்துக்கு நீர்ப்பஞ்சம் உண்டென்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும், சுற்றிலும் பரந்துகிடக்கும் உப்புநீரைக் கொண்டு இயந்திரத்தைக் குளிரச் செய்வதெங்ஙனம், அவ்வுப்பை அதனுள் புகாமற் காப்பதெங்ஙனம் என்னும் வினா பொறியியலாரை நெடுங்காலம் வருத்திற்று. நீராவிக் காலத்தில் ஒருமுறையும் எண்ணெயியந்திரக் காலத்தில் மறுமுறையும் அஃது எழுந்தது. இரண்டாவது முறை கிடைத்த விடை முன்னரே கண்டு கைவிடப்பட்ட ஒன்றே என்பது வியப்புக்குரியது.

ஜேம்ஸ் வாட் 1769இல் உரிமைப்பட்டயம் பெற்ற தனி ஒடுக்கி, நடைமுறையில் நீர்த்தாரை ஒடுக்கியாகவே நிலைபெற்றது. வேலை முடித்த நீராவிமேற் குளிர்நீரைப் பாய்ச்சினால் அது மீண்டும் நீராகும். நிலத்தில் இதனால் இடரில்லை. கப்பலிலோ அத்தாரை கடல்நீர்த் தாரை. ஒடுங்கிய நன்னீர் அதனோடு கலந்தே கொதிகலனுக்குத் திரும்பிற்று.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. அவற்றுட் பெரும்பகுதி கறியுப்பே. ஆயினும் பெருங்கேடு விளைத்தது கல்சியம் சல்பேற்று. சீனி சூடேற மேலும் கரையும். இதுவோ சூடேறுந்தோறும் கரைதிறன் குறைந்து கொதிகலத் தகட்டிற் கல்லாய்ப் படியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியைப் பார்த்தோர்க்கு இத்தகைய படை புதிதன்று. படை வெப்பத்தை எளிதிற் கடத்தாதாதலின் தகடு மிகக் காய்ந்து வலியிழக்கும். ஆகவே செறிந்த உப்புநீரை அடிக்கடி கடலுக்குள் வெளியேற்றினர். அதனோடு நிலக்கரி தந்த வெப்பமும் வீணே போயிற்று. அமுக்கம் உயரின் வெப்பநிலையும், அதனோடு படையும் மிகுமாதலின், கப்பற் கொதிகலன்கள் தாழ்ந்த அமுக்கத்திலேயே கட்டுண்டு கிடந்தன.

இக்கட்டை அவிழ்க்க முயன்றவர் நொட்டிங்ஹாம் பகுதியினரான சாமுவேல் ஹோல். 1834இல் அவர் பட்டயம் பெற்ற பரப்பொடுக்கியில் நீராவி குழாய்களுள்ளும் குளிர்நீர் வெளியேயும் செல்லும்; இரண்டும் கலவா. 1838 ஏப்ரில் 22இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து நியூயோர்க்கை அடைந்த 'சிரியஸ்' என்னுங் கப்பல் இவ்வொடுக்கியைப் பூண்டதே. மறுநாள் வந்துசேர்ந்த 'கிரேற் வெஸ்ரேண்' பெருங்கப்பலின் புகழ் இச்செய்தியை மறைத்துவிட்டது போலும். எனினும் ஹோலின் கருவி அப்பொழுது நிலைக்கவில்லை. உருளைகளுக்கு மசகாக இட்ட விலங்குக் கொழுப்பு குழாய்களை அடைத்தது. கருத்திற் பிழையில்லை, துணைப்பொருள்கள் முதிரவில்லை. 1860களில் உயரமுக்கக் கூட்டியந்திரங்கள் பரவிய காலத்தேதான் பரப்பொடுக்கி மீண்டும் ஏற்கப்பட்டது.

1886இல் டைம்லரும் மைபாக்கும் ஜேர்மனியின் நெக்கர் ஆற்றிற் பெற்றோல் படகொன்றை ஓட்டினர். ஆற்றுநீர் நன்னீர். படகினுட் பூட்டும் இத்தகைய இயந்திரங்கள் கடலுக்கு வந்தபோது பழைய பகை திரும்பிற்று. உருளையைச் சூழ்ந்த நீருறைக்குட் கடல்நீரை நேரே செலுத்துதல் எளிது, மலிவு. ஆனால் நீர் ஏறத்தாழ 60 பாகை சதமவளவைக்கு மேற் சூடேறின் உறையினுட் படை வளரத் தொடங்கும். ஆதலின் இயந்திரத்தை 55, 60 பாகையளவில் வைத்தோட்டினர். குளிர்ச்சி எப்பொழுதும் நன்றெனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறென்பதை 1930களில் பிரித்தானிய மோட்டார் வாகனப் பொறியியலார் கழகத்தின் ஆராய்ச்சி காட்டிற்று. குளிர்ந்த உருளைச்சுவரில் எரிவாயுவிலுள்ள நீராவி ஒடுங்கி, அமிலத்தன்மை பெற்று, இரும்பை அரிக்கின்றது. எரிபொருளிற் கந்தகமிருப்பின் அரிப்பு மிகும். சூடேற்றினால் உப்பு, குளிர்த்தினால் அமிலம் என இயந்திரம் இருபுறமும் நெருக்குண்டது.

இதற்கு உதவியது ஹோலின் முறையே. இயந்திரத்துள் நன்னீர் மட்டும் சுழலும். அதன் வெப்பத்தை வெப்பமாற்றியென்னும் கலத்திலே, குழாய்ச்சுவரின் மறுபுறம் ஓடும் கடல்நீர் ஏற்றுச் செல்லும். அப்பொழுது தேமோஸ்ரற் நன்னீரை 80 பாகையளவில் அச்சமின்றிக் காக்கலாம்.

கடல்நீர் அடியோடு நீங்கிற்றன்று, வெப்பமாற்றிக்குள் ஒதுங்கிற்று. அதனாற் பல வெப்பமாற்றிகளுள் ஒரு துத்தநாகக் கோலைச் செருகுவர். இது சர் ஹம்பிரி டேவி 1824இல் காட்டிய வழி. போர்க்கப்பல்களின் செப்புறை கடல்நீரில் அரிபடாதிருக்க அதனோடு துத்தநாகத்தையோ இரும்பையோ பொருத்தலாம் என்றார் அவர். செம்பு காக்கப்பட்டது. ஆனால் கரையாத செம்பிலே சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளவே கடற்படை அம்முறையைக் கைவிட்டது. வெப்பமாற்றியில் அக்கோல் செம்புக் குழாய்க்கு மாறாகத் தான் கரைகின்றது. அது கரைந்து முடிந்தபின் மாற்றாவிடின், அடுத்து அரிபடுவது குழாய்.