குறைந்தது எந்த பீஸ்?

திருப்பூரின் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் பேக்கிங் பிரிவுக்குள் நுழைந்தால் ‘ரேஷியோ’ என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என ஆறு பீஸ் ஒரு பாலிபேக், நான்கு பாலிபேக் ஒரு அட்டைப்பெட்டி, ஆக 24. இந்தக் கணக்கைப் போட்டு பேக்கிங் லிஸ்ட் எடுக்கும் மென்பொருளை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டியில் 24 இருக்கிறதா என்று யூனிட் டெஸ்டில் கேட்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஜேயூனிட்டின் அசர்ட்ஈக்வல்ஸ். முதலில் 24, அடுத்து பெட்டியிலுள்ள பீஸ் பட்டியலின் சைஸ். ஒரு பீஸ் குறைந்தால், 24 வரவேண்டிய இடத்தில் 23 வந்தது என்பதோடு செய்தி முடிந்துவிடும். எது குறைந்தது என்று அறிய டீபக்கரைத் திறக்க வேண்டியதுதான். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினாலும் கம்பைலர் வாய் திறக்காது. டெஸ்ட் தோற்கும் நாளில் செய்தி தலைகீழாக வரும். பீஸ் குறைந்த பெட்டியில் கூடுதல் பீஸைத் தேடுவோம். (டெஸ்ட்என்ஜியில் இந்த வரிசையே நேர்மாறு. இரண்டிலும் வேலை செய்பவர்கள் பாவம்.)

மற்றொன்று, அசர்ட்ஜேயின் ஹாஸ்சைஸ். சோதிக்கும் பெட்டி ஒரு அடைப்புக்குள், 24 இன்னொன்றுக்குள். இடம் மாற வழியே இல்லை. தோற்றால் எண்ணோடு உள்ளே இருக்கும் 23 பீஸையும் வரிசையாகக் காட்டும். எக்ஸ்எல் மூன்றுதான் என்பது பார்த்ததும் தெரியும். ஆனால் பீஸ் கிளாஸில் டூஸ்ட்ரிங் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் முழுக்கப் புரியாத குறியீடுகள்தான்.

டாட்நெட்டில் ஃப்ளூயன்ட் அசர்ஷன்ஸின் ஹேவ்கவுன்டும் இதே ரகம். 2025இல் வந்த அதன் 8ஆம் பதிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. அசர்ட்ஜே அபாச்சி உரிமத்தில் இலவசம்.

ஒரு பாலிபேக்கில் எம் மூன்றும் எல் ஒன்றுமாகப் போட்டுவிட்டால்? மொத்தம் அதே 24. இரண்டு டெஸ்டும் பாஸ். அதற்கு அசர்ட்ஜேயிலேயே கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லிஇன்எனிஆர்டர் இருக்கிறது. எந்த சைஸ் எத்தனை என்பதையும் சேர்த்தே சரிபார்க்கும், வரிசையைப் பொருட்படுத்தாது. ஒரே சைஸ் அடுக்கும் சாலிட் பேக் பெட்டிக்கு ஹாஸ்சைஸ் போதும். ரேஷியோ பெட்டிக்கு எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் டெஸ்டை நான் ஏற்கமாட்டேன்.