கடலடியும் ஒளிப்படக் கருவியும்

கடலின் மேற்பரப்பை மனிதன் தொன்றுதொட்டே கண்டு வந்துள்ளான். ஆனால், அதன் அடித்தளத்தைத் தான் கண்டவாறே பதிவுசெய்து கரையிலுள்ளோர்க்குக் காட்டும் ஆற்றல் மிக அண்மைக் காலத்திலேதான் அவனுக்கு வாய்த்தது.

பிரான்சு தேசத்தின் தென்கரையிலே, பன்யுல்ஸ் என்னும் ஊரில் ஆய்வு நடத்திய உயிரியலறிஞர் லூயி பூத்தான், 1893 ஆம் ஆண்டில் நீர்புகாப் பெட்டியொன்றினுள் கமராவை வைத்துக் கடலடியைப் படம்பிடித்தார். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1926 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புளோரிடாக் கடலிலே, லோங்லி, சார்ள்ஸ் மார்ட்டின் ஆகிய இருவரும் மிதவையொன்றின்மீது மக்னீசியத் தூளைக் கொளுத்தி, அதன் வெளிச்சத்தில் மீன்களை வண்ணப்படமாக எடுத்தனர். உயிருக்கே ஆபத்தான முயற்சி அது.

இத்துணை வெளிச்சம் எதற்கு? நீரானது ஒளியின் நிறங்களை ஒருங்கே விழுங்குவதில்லை. முதலில் செந்நிறத்தையே விழுங்குகிறது. ஆகவே, சில பாக ஆழத்துக்குக் கீழே செம்மீனும் சாம்பல் நிறமாய்த் தோன்றும். விளக்கை உடன்கொண்டு சென்றாலன்றி அதன் உண்மை வண்ணம் புலப்படாது.

நம் நாட்டுக் கடலும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1956 ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளாக், மைக் வில்சன் ஆகியோர் திருகோணமலைச் சுவாமிமலை அடிவாரத்தில் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் தூண்கள் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். ஏட்டிலும் செவிவழிக் கதையிலும் அறியப்பட்டது, இவ்வாறு கண்ணாற் காணும் சான்றாயிற்று.

1963 ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து 'நிக்கோனோஸ்' என்னும் கமரா வெளிவந்தது. தனிப்பெட்டி வேண்டாது, தானே நீரைத் தாங்கவல்லது அது. ஆயினும், ஒரு சுருளிலே 36 படங்களே எடுக்கலாம். நீரடியிற் சுருளை மாற்றுதல் இயலாது. தூரத்தைக் கண்மதிப்பாலே கணிக்கவேண்டும். நீரோ, நான்கடித் தொலைவிலுள்ள பொருளை மூன்றடியில் உள்ளதுபோற் காட்டி ஏமாற்றும். சுருளைக் கழுவிப் பார்த்த பின்னரே பிழை தெரியவரும். அதற்குள் அந்த மீனும் போய்விடும். அந்த நாளும் போய்விடும்.

இந்தக் குறையையே எண்முறைக் கமரா தீர்த்துவைத்தது. 1975 ஆம் ஆண்டில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர் கொடாக் நிறுவனத்தில் ஆக்கிய முதற்கருவி, ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 செக்கன்கள் எடுத்தது. கால் நூற்றாண்டு கழிந்ததும் நிலைமை மாறியது. 2001 ஆம் ஆண்டில் நிக்கோனோஸ் தயாரிப்பு முடிவுற்றது. இன்று சுழியோடி நீருக்குள் இருந்தவாறே எடுத்த படத்தைப் பார்க்கிறார். பிழையைத் திருத்தி மீண்டும் எடுக்கிறார். நூற்றுக்கணக்கான படங்கள் விரல்நகத்தளவான அட்டையொன்றில் அடங்கிவிடுகின்றன. எனினும், நீர் செந்நிறத்தை விழுங்குவது நின்றபாடில்லை. பூத்தானுக்கு வேண்டியிருந்த விளக்கு, இன்றைய சுழியோடிக்கும் வேண்டியே இருக்கிறது.

புதியது வந்ததும் பழையதைப் பரணில் எறிந்துவிடுவது மனித இயல்பு. இவ்விடயத்தில் அது பெருந்தவறாகும். 1998 ஆம் ஆண்டில் கடல்நீர் வெப்பமுற்றதனால் இலங்கைக் கடலில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. இக்கடுவைக் கடலடி அந்த அழிவை நன்கறியும். அதற்கு முன்னிருந்த முருகைக்கற்களின் தோற்றத்தைப் பதித்து வைத்திருப்பவை பெரும்பாலும் பழைய படச்சுருள்களே. எத்துணைச் சிறந்த புதிய கமராவாயினும், மறைந்துபோனதைப் படம்பிடிக்கவல்லதன்று. சுருளின் வண்ணமோ ஆண்டுதோறும் மங்கி வருகிறது. ஆதலால், அச்சுருள்களைத் தேடியெடுத்து, எடுத்த இடமும் நாளும் குறித்து, எண்முறையிற் பிரதிசெய்து காப்பதே புதிய கருவியைக் கொண்டு ஆற்றத்தக்க முதற்பணியாகும். கடல் இழந்ததை நம் சந்ததியார் அளந்தறிய வேறு சான்று கிடைப்பது அரிது.