கிழக்கே திரும்பிய தண்ணீர்

சிவகிரி மலைப்பக்கம் பெய்கிற மழை பெரியாறாகி மேற்கே போவதுதான் வழக்கம். காட்டையும் பள்ளத்தாக்கையும் கடந்து கொச்சிப் பக்கம் அரபிக்கடலில் சேரும். முகட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் அதை வீணாகப் போகும் தண்ணீர் என்றார்கள். அந்த ‘வீண்’ என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கடலுக்குப் போகிற வழியிலும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் மழை மறைவில் கிடந்த வைகைக் கரையில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் அந்தத் தண்ணீர் மேல் கண் வைத்தது கம்பம் அல்ல, மதுரையும் அல்ல, ராமநாதபுரம். 1789-ல் மன்னர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 12 பேரை மலைக்காட்டுக்குள் அனுப்பி, ஆற்றைக் கிழக்கே திருப்ப வழி உண்டா என்று பார்த்துவரச் சொன்னார். வழி இருந்தது, பணம் இல்லை. 1808-ல் கால்டுவெல் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். (இடையன்குடி பாதிரியார் கால்டுவெல் வேறு, இவர் ராணுவப் பொறியாளர்.) அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. அத்தனை பிணங்களைப் பார்த்த பிறகுதான் பழைய கோப்பைத் தூசி தட்டினார்கள்.

பெரியாற்றில் அணை கட்ட 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், காலம் 999 ஆண்டு. வயலைக் குத்தகைக்கு எடுக்கிற எந்தச் சம்சாரியும் இந்தக் கெடுவைக் கேட்டால் சிரித்துவிடுவான். 1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்கும் மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள்.

1887-ல் பொறியாளர் பென்னிகுவிக் அணை வேலையைத் தொடங்கினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கட்டுமானம். கட்டியதை வெள்ளம் அடித்துப் போயிற்று, மறுபடி கட்டினார்கள். மலேரியாவில் செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இன்றைக்கும் ஜனவரி 15-ல், பென்னிகுவிக்கின் பிறந்தநாளன்று, பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். புதைகுழியில் கிடப்பவர்களுக்கு அப்படி ஒரு பொங்கல் இல்லை.

இனி தண்ணீரின் கூடவே போவோம். தேக்கடியில் படகுச் சவாரி போனவர்கள் ஏரிக்குள் நிற்கிற பட்ட மரங்களைப் பார்த்திருப்பார்கள். மேலே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அழகான காட்சி என்று படம் எடுக்கிறோம். அவை 1895-ல் மூழ்கிய காட்டின் எலும்புகள். பட்ட மரத்தைச் சுற்றி அதே ஏரியில்தான் இப்போது யானைகள் தண்ணீர் குடிக்கின்றன. புலிகள் காப்பகத்துக்கே பெரியாறு என்றுதான் பெயர். நஷ்டம் எங்கே முடிந்து லாபம் எங்கே தொடங்குகிறது என்று இந்த இடத்தில் கோடு போட முடியவில்லை.

ஏரியின் ஓர் ஓரத்தில் தலைமதகு இருக்கிறது. நிலம் கேரளம், ஷட்டரின் சாவி தமிழ்நாடு. அங்கிருந்து மலைக்குள் ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம். இருட்டுக்குள் நுழையும்போது மேற்கத்தி ஆறு. மறுமுனையில் வெளியே வரும்போது கிழக்கத்தி ஆறு. போர்பை அணையில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, நான்கு ராட்சதக் குழாய்களில் லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே அந்தக் குழாய்களைப் பார்க்கலாம். மின்நிலையத்துக்குப் போகாத தண்ணீர் இரைச்சல்பாலம் வழியே கொட்டும். பெயரிலேயே சத்தம் இருக்கிறது.

அப்புறம் வயல்தான். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறது. மிச்சம் வைகை அணைக்குப் போகும். 1959-ல் கட்டிய அந்த அணைக்குள் இரண்டு ஆறும் ஒன்றாகக் கலந்தாலும், அதிகாரிகளின் நோட்டில் கலப்பதில்லை. பெரியாற்றுக் கணக்கு தனி, வைகைக் கணக்கு தனி. பேரணையில் திரும்பும் பெரியாற்றுத் தண்ணீர் 45,041 ஏக்கர் இருபோகத்தையும், மேலூர்ப் பக்கத்து ஒருபோகத்தையும் நனைக்கிறது.

வந்த தண்ணீர் பசியையும் கூட்டிக்கொண்டே வரும். உசிலம்பட்டிக்காரர்கள் பல வருஷம் போராடி 58 கிராமக் கால்வாயை வாங்கினார்கள். வைகை அணையில் 67 அடி நின்றால்தான் அதில் தண்ணீர் ஏறும். மதுரையின் குடிநீருக்கு லோயர்கேம்ப்பிலிருந்தே குழாய் என்றதும் கம்பம் விவசாயிகள் கொதித்தார்கள். ஆற்றில் வந்தால் வழியெல்லாம் கிணறு ஊறும், குழாய்க்குள் போனால் என்ன ஊறும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நூறு வருஷத்துக்கு முன் மேற்கே இருந்தவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

மேற்கே இருப்பவர்களின் கவலை இப்போது வேறு. அணைக்குக் கீழே வல்லக்கடவும் வண்டிப்பெரியாறும் இருக்கின்றன. 1979-ல் குஜராத்தில் மச்சு அணை உடைந்த பிறகு இங்கும் பயம் பிடித்தது. நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். அணையைப் பலப்படுத்தியபின், 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. இடையில் 2011 டிசம்பரில் அணைத் தகராறில் குமுளி எல்லையே மூடிக் கிடந்தது. 2021 டிசம்பரில் இரவில் ஷட்டர்களைத் திறந்ததில் வண்டிப்பெரியாற்றுப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அணை பலமானது என்று நிபுணர் குழு சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் நடுராத்திரி கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்தவரிடம் அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்ல முடியாது.

கடைசியாக ராமநாதபுரம். பெரியாற்றுக் கணக்குப் பாசனம் மேலூரையும் சிவகங்கையின் ஓர் ஓரத்தையும் தாண்டுவதில்லை. முத்திருளப்ப பிள்ளையின் சீமைக்கு வருவது வைகைக் கணக்கு. அதுவும் மணலில் ஊறி, வழிநெடுகக் கண்மாய்களுக்குப் பிரிந்து, மீந்ததுதான் பெரிய கண்மாய்க்கு. பல வருஷம் மடை வரைக்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். உள்ளே ஆடு மேயும். அணை திறந்தாச்சு என்று செய்தி வந்தால் பரமக்குடிப் பாலத்தில் நாலு பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, மேற்கே மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“மானாமதுரை தாண்டிருச்சாண்ணே?”

“இன்னும் இல்லையாம்ப்பா.”