படிச்சிட்டுத் திரும்பிப் போகோணும்

மார்ச் வந்தா ஊரில வெயில் கொளுத்தும். இங்க சிட்னியில, நான் இருக்கிற கிரவீனில, இலையுதிர்காலம் தொடங்கீட்டுது. கம்பஸும் அதோட சேர்ந்துதான் தொடங்குறது. துங்காபி ஸ்டேசனுக்கு நடக்கேக்கை ஒரு யோசினை: எனக்கு முதல் இப்பிடிப் படிக்க வந்தவை ஆர்?

1950 ஜனவரியில கொழும்பில பொதுநலவாய நாடுகளின்ர வெளிவிவகார அமைச்சர்கள் கூடினவை. ஆசிய நாடுகளுக்கு உதவி செய்யோணும் எண்டு அங்க அழுத்திச் சொன்னவையில ரெண்டு பேர், அவுஸ்திரேலியாவின்ர பேர்சி ஸ்பென்டரும் எங்கட ஜே.ஆர். ஜெயவர்தனவும். உதவியில கொம்யூனிசப் பயமும் கலந்திருந்தது. 1951 இல தொடங்கின கொழும்புத் திட்டத்தில இலங்கை, இந்தியா, மலாயாப் பெடியள் இங்க படிக்க வந்தினம்.

பகிடி என்னெண்டா, அப்ப 1901 இல தொடங்கின 'வெள்ளை அவுஸ்திரேலியா'க் கொள்கை நடைமுறையில இருந்தது. படிக்கலாம், ஆனா முடிய ஊருக்குத் திரும்பிப் போகோணும். போனவை போட்டினம். ஆனா அவையோட ஒரே வகுப்பில இருந்த, ஒரே மேசையில சாப்பிட்ட வெள்ளைக்காரரின்ர மனம் கொஞ்சம் மாறினது. 1973 இல விட்லம் அரசாங்கம் குடிவரவில நிறம் பாக்கிறதை நிப்பாட்டினது.

பத்து வருசத்தில 1983 ஜூலை. அப்ப ஜனாதிபதி அதே ஜே.ஆர். இந்த முறை சிட்னிக்கு வந்த எங்கட சனத்துக்குத் திரும்பிப் போக வீடு இருக்கேல்லை.

உங்கட வீட்டில கொழும்புத் திட்டத்தில வந்து படிச்ச தாத்தா, பெரியப்பா ஆரும் இருந்தா, இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ. பிறகு கேக்க ஆள் இருக்காது.