தன்னைத்தான் பழித்தல்

பிறர் பழிச்சொல் செவியைச் சுடும். தன் மனமே கூறும் பழிச்சொல் உறக்கத்தையும் பறிக்கும். இந்நோய்க்கு மாந்தர் மருந்து தேடிய வரலாறு நெடியது.

அடிமையாய்ப் பிறந்து, பின்னர் நிக்கோப்பொலிஸ் நகரில் ஆசானாய் விளங்கியவர் எபிக்டெட்டஸ். நிகழ்ச்சிகளைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணங்களே நம்மைக் கலக்குகின்றன என்று அவர் போதித்தார். இருபதாம் நூற்றாண்டில் அக்கருத்து மருத்துவத்துறையில் புகுந்தது.

உளச்சோர்வு உள்நோக்கித் திரும்பிய சினமே என்னும் பிராய்டு வழிக் கொள்கையை மெய்ப்பிக்க முனைந்தார், பிலடெல்பியாவின் மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தவர், அவற்றில் சினத்தைக் காணாது தோல்வியையும் இழப்பையுமே கண்டார். 'நான் எதற்கும் உதவாதவன்' என்பன போன்ற எண்ணங்கள் அழையாமலே அவர்தம் உள்ளத்தில் எழுந்தன. அவற்றை அப்படியே ஏற்காது, சான்று கேட்டு வினவப் பெக் பயிற்றினார். ஒரு தேர்வில் தவறியவன் வாழ்வு முழுவதிலும் தவறியவன் ஆவானோ? 1979ஆம் ஆண்டு அவர் மூவருடன் இணைந்து வெளியிட்ட நூல் அம்முறையை விளக்கிற்று.

குறை மெய்யாகவே இருப்பின் என் செய்வது? 2003இல் கிறிஸ்டின் நெஃப் என்னும் உளவியலார் தற்பரிவின் மூன்று கூறுகளை வரையறுத்தார்: தன்பால் கனிவு, குறை மாந்தர் அனைவர்க்கும் பொது என்னும் உணர்வு, துன்பத்தை மிகைப்படுத்தாது நோக்கும் விழிப்பு. இதன் வேர் பௌத்தத்தில் உள்ளது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் இயற்றிய 'விசுத்திமார்க்கம்', அன்புப் பயிற்சியைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கின்றது.

தவறிய மாணவனிடம் நல்லாசிரியர் பேசும் மொழியில் தன்னோடு பேசக் கற்பதே தற்பரிவு. பழிக்கப்பட்ட உள்ளம் பிழையை மறைக்கும்; பரிவு பெற்ற உள்ளமே அதனைத் திருத்தத் துணியும்.